காலை ஐந்து நாற்பத்திரண்டு

என் வீட்டுக்காரர் ரெங்கராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் சக்கரம் தட்டியவர். கேலி செய்யவில்லை, வேலையே அதுதான். பழுது பார்க்க வரும் பெட்டிகளின் சக்கரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். நல்ல சக்கரம் ஒரு மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது வேறு மாதிரி ஒலிக்கும். விரிசல் என்று அவர் காது சொல்லிவிட்டால் சிவப்பு சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறியை அழிக்க மேலதிகாரிக்கே தைரியம் வராது என்று அவர் சொல்வார். மேலதிகாரியை நான் விசாரித்ததில்லை.

மருங்காபுரிப் பக்கம் மானாவாரிக் கடலைக் காட்டில் பிறந்து, இருபத்தாறு வயதில் பணிமனைக்குள் நுழைந்தவர். ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. ஒரு சக்கரத்தைத் தப்பாகச் சொன்னதில்லை. இரண்டாவதை நான் நம்பித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வாரத்துக்கு ஒரு முறையாவது அவரே சொல்லிவிடுவார். சுத்தியலைப் பணிமனையில் வைத்துவிட்டு வந்தாலும் சாக்பீஸ் வீட்டுக்குள் வந்துவிடும். ரசத்தில் உப்பு, மகள் சுபஸ்ரீயின் நோட்டில் ஓரம் மடங்கிய தாள், பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் கோணம், எல்லாவற்றுக்கும் ஒரு பெருக்கல் குறி உண்டு. கோபப்பட மாட்டார். சரியில்லை என்று சொல்லிவிட்டு, சரிசெய்யும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டுக்கு வந்தோம். முதல் ஆறு மாதம் மனுஷன் தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் தவித்துப் போனார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சுபஸ்ரீ பொங்கலுக்கு வந்தபோது, அப்பா முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவர் போனில் ‘ரெண்டாறு’ என்ற ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். காவிரி, கொள்ளிடம் இரண்டுக்கும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கூடும் இடம் அது. நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பாலத்தில் நெரிசல், யாருடைய நாய் காணவில்லை என்று நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். நானும் சேர்ந்தேன். மருங்காபுரியில் விவசாயம் பார்க்கும் என் கொழுந்தன் வீரமலையையும் இவரே போன் செய்து சேர்த்துவிட்டார். அண்ணன் சொன்னால் தம்பி எதிலும் சேருவார்.

ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு சிறிய சிவப்புக் கொடி உண்டு. பொய், பழைய படம், விளம்பரம் என்று பட்டால் அதை அமுக்கலாம். மூன்று பேர் அமுக்கினால் பதிவு தானாகவே மறைந்துவிடும். அமுக்கியவர்களுக்கு ஒரு பச்சை டிக் கிடைக்கும். முப்பத்து நான்கு வருடம் பெருக்கல் குறி போட்டவர் கையில் ஒரு சிவப்புக் கொடியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று என் மகள் யோசிக்கவில்லை.

தினமும் காலை ஐந்தரைக்குக் காபித் தம்ளரோடு உட்காருவார். ஏழு மணிக்குள் பெரும்பாலும் ஒரு கொடியாவது போட்டுவிடுவார். ஆனால் மூன்று பேர் அமுக்க வேண்டுமே. மற்றவர்கள் எழுந்து வரும் வரை ஒரு பொய்ப் பதிவு நிற்பது இவருக்குப் பொறுக்கவில்லை. அதனால் தான் அமுக்கியதும் பதிவை எனக்கு அனுப்புவார், தம்பிக்கும் அனுப்புவார். நான் அடுப்படியில் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அமுக்குவேன். வீரமலை மாட்டுக் கொட்டகையில் இருந்து அமுக்குவார். மூன்று கொடி விழுந்ததும் பதிவு போய்விடும், மூன்று பேருக்கும் டிக் விழும். என்ன பதிவு என்று நான் படித்ததே இல்லை. அவர் முகம் மலர்வதைப் பார்த்தால் போதும் என்றிருந்தேன். அதை அன்பு என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஆடியில் மேட்டூர் நிரம்பியது. காவிரியில் இருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு அணைக்கு வரும் தண்ணீரில் உபரியைக் கொள்ளிடத்தில் விடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்தோம். கரையோரத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்கச் சொல்லி நாலைந்து நாளாகவே அறிவிப்பு இருந்தது. நாலைந்து நாள் கேட்ட அறிவிப்பு காதில் ஏறாது. அந்தச் சமயத்தில்தான் யாரோ ஒரு புண்ணியவான் எங்கோ எப்போதோ எடுத்த வெள்ள வீடியோவை ரெண்டாறில் போட்டு, கரைப் பக்கம் பத்துக் குடும்பம் பாத்திரம் பண்டத்தோடு ரோட்டுக்கு வந்துவிட்டது. உடனே குழுவில் ஒரு விதி போட்டார்கள். தண்ணீர் பற்றிய பதிவு என்றால் அன்றைக்கு எடுத்த படம் இருக்க வேண்டும். படம் இல்லாவிட்டால் கொடி. இவர் அந்த விதியைப் பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

ஆடிப்பெருக்கு முடிந்த மறு வாரம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது. மணலில் பதினோரு சலவைக் குடும்பங்கள் இருந்தன.

அவர்களில் ஒருத்தி வேலம்மாள். எங்கள் வீட்டுத் துணியைப் பல வருடமாக எடுத்துப் போகிறவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், அக்கா என்பாள். புடவைத் தலைப்பில் மஞ்சள் கறை இருந்தால், “என்னக்கா, சாம்பாருக்கும் புடவை கட்டி விட்டீங்களா?” என்று கேட்கும் அளவுக்கு உரிமை உள்ளவள்.

அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஆற்றுக்குள் இறங்குகிறவர்கள் போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் எல்லாருடைய போனும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மதுரைவீரனிடம் இருக்கும். அவர்களில் மூத்தவர், துணியை ஆவியில் அவிக்கும் வெள்ளாவி அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். அடுப்பு மூட்டி முடித்து ஆறு மணி வாக்கில் போனை எடுத்து ரெண்டாறைப் பார்ப்பார். வேலம்மாளின் தங்கை முக்கொம்பில் மீன் வறுத்து விற்கிறாள். அங்கே தண்ணீர் திறந்ததும் அவள் அக்காவுக்குச் சொல்ல வேண்டும், வேலம்மாள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். முக்கொம்பில் திறந்தால் காய்ந்த மணலைக் குடித்துக்குடித்து இங்கே வந்து சேர மூன்று மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்துக்குள் துணியையெல்லாம் மேலே ஏற்றிவிடலாம். சொல்வது வேலம்மாளின் பொறுப்பு. அதை அவள் பல வருடமாகத் தவறாமல் செய்து வந்தாள்.

அன்றைக்கு அவள் ஆற்றில் இல்லை. வெளுத்த துணி மூட்டையோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். மற்றவர்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை. தண்ணீர் வந்தபோது காயப்போட்ட விரிப்புகளை அள்ள ஓடிய மதுரைவீரன் கல்லில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். துணி போயிற்று, வெள்ளாவிப் பானை போயிற்று, போன் இருந்த வாளியும் போயிற்று. உயிர் யாருக்கும் போகவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று எல்லாரும் வேலம்மாளைக் கேட்டார்கள். தங்கச்சி சொன்ன உடனே மதுரைவீரனுக்கு இரண்டு தடவை அடித்தேன், லைன் போகவில்லை, ரெண்டாறில் பேசிப் போட்டேன் என்றாள். லைன் போகாததால் மதுரைவீரன் போனில் அதற்கு அடையாளம் விழுந்திருக்காது, அந்தப் போனும் ஆற்றோடு போய்விட்டது, அவள் போனில் பழைய அழைப்புகள் நிற்பதில்லை. புதுப் போன் வாங்கித் தேடிப் பார்த்தார்கள். ரெண்டாறில் அவள் போட்டதாக ஒன்றுமே இல்லை. அவள் போனிலும் இல்லை. மறந்துவிட்டு இப்போது பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தார்கள். யாரும் சண்டை போடவில்லை. சொல்லும் பொறுப்பை மட்டும் வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அந்த வாரக் கடைசியில் துணி எடுக்க வந்தபோது அவளே என்னிடம் சொன்னாள். போட்டேன், சத்தியமாகப் போட்டேன் என்று அழுதாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவளைத் தேற்றி அனுப்பினால் போதும் என்றிருந்தது எனக்கு.

“நானும்தான் ரெண்டாறுல இருக்கேன் வேலு. அன்னைக்குக் காலையில பாத்தேனே, அப்படி ஒண்ணும் வரலை. பஸ் ஏறுற அவசரத்துல சரியா அமுக்காம விட்டிருப்ப. மறதி எல்லாருக்கும் வர்றதுதான், விடு.”

அன்றைக்குக் காலையில் நான் ஒன்றையும் பார்த்திருக்கவில்லை. சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன். அவள் நான் எண்ணிச் சொல்வதற்குள் துணியை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்காரரிடம் இதை நான் சொல்லவில்லை. துணி என் இலாகா, ரெண்டாறு அவர் இலாகா.

இந்த ஆனியில் ரெண்டாறில் ஓர் அறிவிப்பு வந்தது. மாடரேட்டர் வேலைக்கு மூன்று பேர் வேண்டும், சம்பளம் கிடையாது, விருப்பம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். எந்தப் பதிவு இருக்கலாம், எது போக வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் மாடரேட்டர்கள். இவர் அதைப் படித்த விதத்தைப் பார்த்தால் ரயில்வே போர்டில் இருந்தே அழைப்பு வந்த மாதிரி இருந்தது. விண்ணப்பத்தை முதலில் நோட்டில் எழுதிப் பார்த்தார். போனில் அனுப்பும் விண்ணப்பத்துக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை என்று கேட்டேன், காலரைச் சரிசெய்துகொண்டார்.

கேள்விகளை என்னிடம் உரக்கப் படித்தார். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கை நீங்கள் இயக்குகிறீர்களா என்று ஒரு கேள்வி. பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் கணக்கு என்னுடையது, கொழுந்தன் கணக்கு கொழுந்தனுடையது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, இல்லை என்று போடுங்கள் என்றேன். போட்டார். நீங்கள் எப்போதாவது தவறாகக் கொடி போட்டதுண்டா என்று அடுத்த கேள்வி. ‘இல்லை. 412 கொடி, 412 பச்சை டிக்’ என்று எழுதினார். எழுதிவிட்டு அதைத் தானே ஒரு தடவை வாசித்தார். எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது.

நான்கு நாள் கழித்துப் பவித்ரா என்ற பெண் பேசினாள். உறையூரில் இருக்கிறாள், குழுவைத் தொடங்கியவளே அவள்தான். ஒன்பது பேரைப் பொறுக்கியிருப்பதாகவும், ஒரு வாரம் பயிற்சி என்றும், பழைய முறையீடுகள் இருபதைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டும் என்றும் சொன்னாள். தாங்கள் போட்ட பதிவு அநியாயமாக எடுக்கப்பட்டது என்று நினைப்பவர்கள் அனுப்புவதுதான் முறையீடு. பார்க்க ஆளில்லாமல் ஒரு வருடமாகச் சேர்ந்து கிடக்கிறதாம். ஒரு நிபந்தனையும் சொன்னாள். நீங்கள் கொடி போட்ட பதிவே முறையீட்டில் வந்தால் அதைத் தொடக்கூடாது, எனக்குச் சொல்லிவிட வேண்டும். இவர் சரிங்கம்மா, சரிங்கம்மா என்று எழுந்து நின்று பேசினார். ஓய்வு பெற்ற பிறகு அந்த மனுஷன் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேசரி கிளறினேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். ஏழாவது முறையீடு ஒரு குரல் பதிவு. கணக்கின் பெயர் ‘சமயபுரத்தாள் துணை’, முகப்பில் அம்மன் படம். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

“ஐயா, அம்மா, யாரா இருந்தாலும் கேளுங்க. நான் அன்னைக்குக் கொள்ளிடத்துல தண்ணி வருதுன்னு பேசிப் போட்டேன். இப்ப அது இல்லை. திரும்பப் போடாட்டியும் பரவாயில்லைங்க. நான் போட்டேங்கிறதை மட்டும் காட்டுங்க. எங்க ஆளுங்க நம்ப மாட்டேங்கிறாங்க.”

என் கையில் இருந்த கத்தி நின்றது. “இது நம்ம வேலம்மாங்க” என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. நான் எழுந்து பக்கத்தில் போனேன். முறையீட்டுக்கு மேலே அந்தப் பழைய பதிவு இருந்தது. பதினெட்டு நொடிக் குரல், படம் இல்லை, தலைப்பு ‘கொள்ளிடம் தண்ணி’. பதிவிட்ட நேரம் காலை 5.42. அதன் கீழே கொடி போட்டவர்கள் என்று மூன்று பெயர். ரெங்கராஜ், 5.47. மணிமேகலை, 5.49. வீரமலை, 5.58.

மணிமேகலை நான்தான்.

வேலம்மாளின் அந்தப் பழைய குரல் பதிவை அவர் ஓடவிட்டார். இரைச்சலுக்கு நடுவே, கண்டக்டர் கத்துவதற்கு நடுவே, அவள் சொன்னாள்: “மதுரவீரண்ணே, முக்கொம்புல திறந்துட்டாங்களாம், தங்கச்சி இப்பத்தான் சொன்னா. மேல ஏறிடுங்க. எல்லாருக்கும் சொல்லிடுங்க. நான் பஸ் ஏறுறேன்.”

அவ்வளவுதான் பதிவு. மதுரைவீரன் ஆறு மணிக்கு வாளியில் இருந்து போனை எடுத்திருப்பார். அதற்கு இரண்டு நிமிடம் முன்னால், ஆறே இல்லாத ஊரில், மழைக்கு வானத்தைப் பார்த்து நிற்கும் என் கொழுந்தன் பல் விளக்கிக்கொண்டே கொள்ளிடத்தில் தண்ணீர் வரவில்லை என்று அமுக்கிவிட்டார். அவரைச் சொல்லி என்ன, நான் முந்தி அமுக்கியிருந்தேன்.

தண்ணீர் வந்த பிறகாவது அந்தக் கொடி தப்பு என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டேன். அன்றைக்கு ஒன்பதரைக்கு மேல் நூறு படம் வந்ததாம், அதில் பழைய படம் எது என்று பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்ததாம். காலையில் போட்ட கொடிக்குப் பச்சை டிக் வந்திருந்தது, அதோடு முடிந்தது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அம்மன் படம் போட்ட பேர், படம் இல்லாத பதிவு. பார்த்த உடனே கொடி. நான் அதைக் கேக்கவே இல்லை மேகலா. சத்தம் கேட்டுச் சொல்றதுதான் என் வேலை. அதைக் கேக்கவே இல்லை.”

அவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, பயம் வந்தது. கேவலமான பயம். ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆவது, இவர் ஆசைப்பட்ட ஒரே ஒரு விஷயமும் போய்விடுமே, என் பெயரும் அதில் இருக்கிறதே. அந்தத் திரையில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் பதிவு திரும்ப வந்துவிடும். அமுக்குங்கள், அவள் பதிவு வந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்றேன். என்றைக்காவது அவளே பார்த்துக்கொள்வாள் என்றும் சொன்னேன். பதினோரு மாதத்துக்கு முந்தைய பதிவை நாற்பதாயிரம் பேர் கூட்டத்தில் யார் தோண்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்கே தெரியும்.

அவர் அமுக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் நான் மறுபடி ஆரம்பித்தபோது, “சக்கரம் ஒடஞ்சு வண்டி கவுந்தா, கடைசியா தட்டுனது யாருன்னு பேர் எழுதியிருக்கும். பேரை அழிச்சிட்டுச் சக்கரத்தை மட்டும் மாத்த முடியாது” என்றார். பிறகு பவித்ராவுக்கு எழுதினார். மூன்று கொடியும் ஒரே குடும்பத்துடையது, மூன்றும் தன் யோசனை, கணக்கு பற்றிய கேள்விக்கு இல்லை என்று எழுதியது நியாயமில்லை, 412-ல் எத்தனை இப்படிப் போனதோ தெரியாது. இவ்வளவையும் தமிழில் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி அனுப்பினார்.

பவித்ரா மறுநாள் காலையே பேசினாள். கோபப்படவில்லை. அந்த முறையீடு பதினோரு மாதமாகத் தன் கண்ணில் படாமல் கிடந்ததைத் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றாள். பதிவை அப்போதே திரும்பப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். ஆனால் உங்களை எடுத்துக்கொள்ள முடியாது சார், கணக்கையும் மூட வேண்டியிருக்கும் என்றாள். சரிங்கம்மா என்றார். இந்தத் தடவை உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்குக் கொள்ளிடக் கரைக்குப் போனோம். அவர் கணக்கு மூடியாகிவிட்டதால் என் போனில்தான் பதிவு இருந்தது. ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். கல்லில் துணி அடிக்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது. மதுரைவீரன் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தார். வேலம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, துணி போடத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்து முழங்கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தாள்.

இவர் சுற்றி வளைக்கவில்லை. எல்லாரும் கேட்கும்படி சொன்னார். அன்றைக்கு அது பதிவாகியிருந்தது, காலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு. அதைக் கேட்காமலே எடுக்க வைத்தது நான். மூன்று போனிலும் நான்தான்.

மூன்று போனிலும் என்று அவர் சொன்னதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னைத் தப்ப வைக்கிறார் மனுஷன். அந்த ஒரு விஷயத்திலாவது நான் அவர் நிழலில் நிற்கக்கூடாது என்று தோன்றியது.

“இல்லை வேலு. என் போன்ல நான்தான் அமுக்கினேன். என்னன்னு பாக்காமலே அமுக்கினேன்.”

போனைக் கேட்டு வாங்கினாள். பதிவை அமுக்கித் தன் குரலைத் தானே கேட்டாள். பிறகு நேராக மதுரைவீரனிடம் போய், குனிந்து, அவர் காதருகே வைத்தாள். பதினெட்டு நொடி. அவர் மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டாள். துணி அடிக்கும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஆற்றில் இருந்தவர்கள் ஏறி வந்து நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது மதுரைவீரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி, தலையைத் தொங்கப்போட்டு நின்றார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலம்மாள் போனைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். கொடி போட்டதைச் சொல்லிவிட்டோம், பாரம் இறங்கிவிட்டது என்றுகூட உள்ளுக்குள் ஒரு நினைப்பு வந்திருந்தது.

“கொடியை விடுங்க அக்கா. பாக்காம அமுக்கிட்டீங்க, போகுது” என்றாள். “எங்க ஆளுங்க சொன்னப்பல்லாம் நான் நம்பலை. போட்டேன், போட்டேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு நாள் சொன்னீங்க, அன்னைக்குக் காலையில நானே பாத்தேன், வரலைன்னு. அக்கா படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டாங்க, அப்ப நாந்தான் போடலை போலன்னு நினைச்சேன். அன்னைக்கே நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி அண்ணன் கால்ல விழுந்தேன். நான் மறந்துட்டேண்ணே, மன்னிச்சிருங்கன்னு சொன்னேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

“நீங்க நெசமாவே அன்னைக்குப் பாத்தீங்களாக்கா?”

இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஆற்றில் இறங்கினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஆஸ்பத்திரி விஷயம் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் செய்ததற்கு நேரம் போட்டுப் பெயர் போட்டு ஒரு பதிவு இருந்தது, எழுதி ஒப்புக்கொள்ள ஓர் ஆள் இருந்தாள், இழப்பதற்கு ஒரு பதவி இருந்தது. நான் சொன்னது எங்கேயும் பதிவாகவில்லை. வேலம்மாள் கேட்காமல் இருந்திருந்தால் நானே மறந்திருப்பேன்.

துணி எடுக்க இப்போதும் அவள்தான் வருகிறாள். சொல்லும் பொறுப்பு மறுபடி அவளிடம் வந்துவிட்டது. இந்த ஆடியில் இரண்டு தடவை முக்கொம்பில் திறந்தார்கள், இரண்டு தடவையும் படத்தோடு போட்டாள். என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். சாம்பார் கறையைப் பற்றி மட்டும் கேலி பேசுவதில்லை. துணியை எடுத்து வைத்துக்கொண்டு, இருபத்தி மூணு என்று நான் சொன்னால், முன்பெல்லாம் சரிக்கா என்று மூட்டையைக் கட்டிவிடுவாள். இப்போது என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தானும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கட்டுகிறாள்.